பதினேழு மூச்சு

அந்தோணிக்குச் சாலமோன் பட்ட கடன் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மாதத்தின் முதல் ஞாயிறு கோயில் முடிந்ததும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தோணி வீட்டுக்குப் போகிறார். அந்தோணி இறந்து பதினாறு வருடம் ஆகிறது. அவர் மனைவி சின்னப்பொண்ணு டீ கொடுப்பாள், பணத்தைத் தொடமாட்டாள்.

"கடன தீத்துட்டா நீ இன்னாத்துக்கு இந்தப் பக்கம் வரப்போற, தம்பி? உள்ள வை."

பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த வருடம்கூட பேங்கு வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வந்து நீட்டினார். அப்போதும் அதே பதில்தான்.

சாலமோன் எட்டாவது ஃபெயில். இரும்பு உருக்கும் ஆலையில் மூட்டை தூக்கினவர். அப்பன் சொத்தும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. இன்றைக்கு அவர் எடுத்த ஆவணப்படங்களை ஐந்து நாட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்குப் போய், பட்டம் வாங்கப்போகும் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லித்தருகிறார். பட்டம் வாங்கினவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது இது?

படம் பிடித்து முடித்தாலும் கேமராவை உடனே அணைக்கமாட்டார். "ஒரு நிமிசம் யாரும் பேசாதீங்கோ. மூச்சு மட்டும் வுடுங்கோ," என்பார். அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பிடித்து வைப்பார். எத்தனையோ ஏரி, எத்தனையோ வீடு, எல்லாம் ஒவ்வொரு நிமிடமாக அவர் பீரோவில் அடுக்கி இருக்கிறது. வகுப்பில் ஒரே ஏரியின் இரண்டு நிமிடங்களைப் போடுவார். முதலாவதில் தவளைகள் காதைத் துளைக்கும். பத்து வருடம் கழித்துப் பிடித்ததில் தூரத்து ஆலையின் ஊங்காரம் மட்டும்.

"சார், ரெண்டாவதுல மைக்கு ரிப்பேரா?" என்றாள் மெர்சி என்ற மாணவி.

"மைக்கு நல்லாத்தான் கீதும்மா. தவளதான் ரிப்பேரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். சாலமோன் முதல் நிமிடத்தை மறுபடி போட்டார்.

முதல் கேமரா வாங்கத் தன் ஆலை போனஸை அப்படியே எடுத்துக் கொடுத்தவர், கூட வேலை செய்த அந்தோணி. அதில் முதலில் படமானவரும் அவரே. ஆலைப் புகையைப் பற்றி அரைமணி பேசிவிட்டு, சாலமோன் சொன்னபடி ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டே மாதத்தில் போய்விட்டார். அந்த நிமிடம் கேசட்டில் இருக்கிறது. நெஞ்சுச் சளி அரைபடும் மூச்சு.

மாதாமாதம் சாலமோன் கொண்டுவரும் அந்தக் கேமராவில் கேசட்டைப் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு சின்னப்பொண்ணு அந்த மூச்சை எண்ணுகிறாள். முதல் தடவை இருபத்தாறு. நாடா தேயத் தேய இடையிடையே சத்தம் அறுந்து போகிறது. இருபத்துமூன்று ஆனது. இருபது ஆனது.

"கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிகீறேன் அண்ணி. அதுல இருபத்தாறும் கீது."

"அது போட்டோ மாதிரி. இதுலதான் அவுரு கீறாரு."

போன ஞாயிறு அவள் ஹெட்போனைக் கழற்றிக் கேட்டாள்: "டப்பு எத்தினி நோட்டு?"

"எல்லாம் ஐந்நூறு. பதினேழு நோட்டு, அண்ணி."

"மூச்சும் பதினேழுதான். இன்னைக்கே குடுத்துடு. மனுசன் மூச்சோட இருக்கசொல்லதான் கடன தீக்கணும். அடுத்த மாசம் ஒண்ணு கொறஞ்சா, அந்த நோட்ட யாருக்குக் குடுப்ப?"

"அப்போ நான் இனிமே வரவேணாமா?"

"டீ குடிக்க வா. கடங்காரனா வராத."

மின்விசிறியை அவளே நிறுத்தினாள். நாடாவைத் திரும்ப ஓட்டச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையை விரித்து நீட்டினாள். சாலமோனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலை அசையும்போதெல்லாம் ஒரு நோட்டை வைத்தார். பதினாறு ஆனது.

தலை அசையவில்லை. ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று ஓய்ந்து நின்றது. கேமராவுக்குள் நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நோட்டைப் பிடித்தபடி சாலமோன் தன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

அவள் தலை லேசாக அசைந்தது. விரித்திருந்த அவள் கையில் அவர் கடைசி நோட்டை வைத்தார்.