குட்டியின் சங்கிலி

என் சித்தி மகள் ஒருத்தி மலைமேல் இருக்கிறாள். சித்தி என்றால் அம்மாவுக்கு நேர் இளையவள் இல்லை, அதற்கும் அடுத்தவள். அந்தச் சித்திக்கு மூன்றும் பெண். மூத்தது இரண்டும் சமதரையில் வாழ்க்கைப்பட்டு, உடம்பில் சதை போட்டு, நன்றாக இருக்கின்றன. கடைசிக்காரியை மலைக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அந்நியம் இல்லை, என் தாய்மாமன் பெண்டாட்டிக்கு அண்ணன் மகன். ஒரு ஜீப்பும் அதற்குப் பின்னால் ஒரு குட்டியும் வைத்திருந்தான். ஆளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

குட்டி என்று நாங்கள் சொல்வது ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற சின்ன டிரெய்லரை. ஒரே அச்சு, இரண்டு சக்கரம், சுற்றிலும் பலகை. சக்கரம் ஜீப் சக்கரத்தின் அளவேதான் இருக்கும், ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்று. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புத் தண்டுக்குக் கழுத்து என்று பேர். கழுத்து முனையில் இருக்கும் வளையத்தை ஜீப்பின் பின்புறம் வைத்து ஒரு முளையைச் செருகிவிட்டால் குட்டி தாயின் பின்னால் போகும். முளை முறிந்தாலும் குட்டி தனியே ஓடிவிடாமல் இருக்க ஒரு சங்கிலியும் உண்டு. அதை ஜீப்பின் அடிச்சட்டத்தில் மாட்டவேண்டும்.

எங்கள் ஓட்டுநர்கள் இறங்கும்போது சங்கிலி மாட்டமாட்டார்கள். பாதை ஒரு ஜீப்பின் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றும் கிடையாது. பாரத்தோடு குட்டி விளிம்பில் சறுக்கினால் ஜீப்பையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதனால் முளையையே மெல்லிசாகப் போடுவார்கள். குட்டி சறுக்கினால் முளை முறியட்டும், சரக்கு போகட்டும், ஜீப் நிற்கட்டும் என்று கணக்கு. பல்லி மாதிரி வாலை விட்டுட்டு ஓடிரணும் என்று சிரிப்பார்கள். ஆனால் குட்டியில் ஆள் ஏறிவிட்டால் கெட்டி முளை போட்டு, சங்கிலியும் மாட்டியே ஆகவேண்டும். போனால் சேர்ந்து போகவேண்டியதுதான். இதை மீறியவனோடு மலையில் யாரும் உட்கார்ந்து டீ குடிக்கமாட்டார்கள். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாட்டாத சங்கிலி கல்லில் இழுபட்டுக் கலகலவென்று கத்தும். மாட்டினால் சத்தம் இருக்காது. அடிவாரத்துச் சரக்குக் கொட்டகையில் நான் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், கடைசி வளைவுக்கு மேலே ஒரு வண்டி வரும்போதே சத்தத்தை வைத்து, வருவது சரக்கா ஆளா என்று சொல்லிவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு ஊர் வைத்த பேர் ஒத்தக்கை. கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை வெளியே தொங்கப்போட்டுத்தான் வளைவை எடுப்பான். வளைவில் குட்டி எப்போதும் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். ஜீப்பை வெளி விளிம்புவரை கொண்டுபோய்த் திருப்பினால்தான் குட்டியின் சக்கரம் பாறைமேல் ஏறாது. சக்கரத்தில் பாதி வெட்டவெளியில் நிற்க அவன் சிகரெட் சாம்பலைத் தட்டுவான். கெட்டிக்காரன்தான், அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அவளுக்கு வைத்த பேர் கட்டைக்காரி. ஏற்றத்தில் ஜீப் திணறி நின்றால் பாரம் பின்னுக்கு இழுக்கும். அந்த நிமிஷமே குட்டியின் சக்கரத்துக்குப் பின்னால் ஆப்புக்கட்டையைத் தள்ளவேண்டும். அதற்கென்று ஒரு ஆள் கட்டையும் கையுமாகப் பின்னாலேயே நடக்கவேண்டும். மற்றவர்கள் கூலிக்கு ஆள் வைத்தார்கள், இவன் பெண்டாட்டியை வைத்தான். கல்யாணத்துக்குக் கட்டின புடவை கசங்குவதற்குள் அவளைப் புழுதிக்குள் நடக்கவிட்டான். கட்டை வைக்கப்போய் ஒருநாள் மோதிர விரலின் நுனி சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. கொட்டகை வாசலில் அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்க, இனிமே மோதிரம் கேக்கமாட்டா என்று இவன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள். அப்போது அப்படித்தான் இருந்தாள்.

பிறகு அவளுக்கு வயிற்றில் உண்டாயிற்று. வயிறு கண்ணை மறைக்கிறவரை கட்டை வைத்தாள். வலி எடுத்தது மேலே வீட்டில், நல்ல மழை விட்டிருந்த ஒரு பகலில். ஜீப் குட்டையானது, பின்னால் முழங்காலை மடக்கி இரண்டு பேர் உட்காரத்தான் இடம். அவளால் உட்கார முடியவில்லை. குட்டியில் சாக்கை விரித்து, தலை மேட்டுப்பக்கமும் கால் ஜீப் பக்கமுமாகப் படுக்கவைத்தான். படுத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"சங்கிலிய மாட்டிட்டீங்களா?"

"மாட்டியாச்சு. பேசாம படு."

முதல் வளைவு தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது. கலகலவென்று அவள் காலடியில். முன்பலகை மறைத்ததால் பார்க்கமுடியவில்லை, ஆனால் அவள் எத்தனை வருஷமாக அந்தச் சங்கிலிக்குப் பின்னால் நடந்தவள். பலகையை உதைத்தாள். கூப்பிட்டாள். மழை அரித்த பாதையில் குட்டி விளிம்புப்பக்கம் தத்தும்போதெல்லாம் இரண்டு கையாலும் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து என்ன செய்ய, பலகையும் சேர்ந்துதானே போகும். கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது நான்தான் பலகையை இறக்கினேன். பிள்ளையின் தலை தெரிந்தது. கொட்டகைக் கூலிக்காரிகள் இரண்டு பேர் சாக்கை மறைப்பாகப் பிடித்து அங்கேயே பிரசவம் பார்த்தார்கள். பெண், உயிரோடுதான் பிறந்தது. சங்கிலி தரையில் கிடந்ததை நானும் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள்.

டீ குடிக்கமாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? அவனோடு எல்லாரும் குடித்தார்கள். மூன்றாம் மனுஷனை ஏற்றிக்கொண்டு வந்து இப்படிச் செய்திருந்தால் ஜீப்பைக் கொளுத்தியிருப்பார்கள். பெண்டாட்டி என்பதால் அது வேடிக்கையாகிவிட்டது. அதற்குப்பிறகு எந்த வீட்டு விசேஷமாக இருந்தாலும் ஒத்தக்கைதான் கச்சேரி. நடித்தே காட்டுவான். வாலு போனா போகட்டும், தலை தப்பினா வேற வாலு பாத்துக்கலாம்னு விட்டேன் மச்சான் என்பான். அவ கூப்பிட்டது கேக்கலையா என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல. இன்ஜின் சத்தம்," என்பான். அந்த இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் மாமியாரும், அதாவது என் சித்தியும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டைக்காரி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போவாள்.

அவள் அவனிடம் வேறெதுவும் கேட்டதில்லை. அன்று மாட்டாமல் விட்டது தப்பு என்று ஒரு தரம், கூட்டத்தில் வேண்டாம், வீட்டுக்குள்ளேயாவது சொல்லச் சொன்னாள். பல வருஷம் கேட்டாள். உயிரோடதானே இருக்க என்பான். அவ்வளவுதான் பதில்.

இதற்கிடையில் வண்டி ஓட்டவும் பழகினாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கிடக்கும் நேரத்தில், மேல்திட்டில் முட்டைக்கோஸ் ஏற்ற ஜீப்பையும் குட்டியையும் அவளே கொண்டுபோவாள். குட்டியோடு பின்னுக்குப் போவது லேசுப்பட்டதில்லை, இடது போகவேண்டுமானால் வலது ஒடிக்கவேண்டும். அவன் கட்டிலில் படுத்தபடியே மாட்டுக்குக் கொடுக்கிற குரலில் திட்டிச் சொல்லிக்கொடுத்தான்.

மகள் வளர்ந்து, கட்டிக்கொடுத்து, கீழே போய்விட்டாள். அதற்குப்பிறகு ஒருநாள் காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம். கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று ஆரம்பித்து எங்கேயோ போயிற்று. கட்டை வைக்க வரவேண்டாம் என்றுவிட்டான். ஒரு கல்லு வச்சா அதுவும் நிக்கும், வாயும் பேசாது என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினான். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஊருக்குக் கீழே கடைசி ஏற்றத்தில் ஜீப் திணறி நின்றது. கைபிரேக்கை இழுத்துவிட்டுக் கல் வைக்க இறங்கிப் பின்னால் போனான். பிரேக் விட்டுக்கொடுத்தது. ஜீப் பின்னுக்கு வர, குட்டி மடங்கி அவனைப் பாறையோடு சேர்த்து அழுத்தியது. தொடை எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஆட்கள் ஓடிவந்து கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். இரண்டு பலகையை வைத்துக் காலைக் கட்டினார்கள். மற்ற ஜீப்பெல்லாம் கீழே போயிருந்தன. காலை மடக்க முடியாது, உட்காரவைக்க முடியாது. சத்தம் கேட்டு இறங்கிவந்த அவள் சிமெண்டை இறக்கவைத்து, வண்டியை ஊருக்குள் கொண்டுபோய்த் திருப்பி, குட்டியைத் துடைத்து, மெத்தையைப் போட்டாள். தலை மேட்டுப்பக்கம், கால் ஜீப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரன் அவளுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினான். மலையிறக்கத்தை அவன்தான் எனக்குச் சொன்னது.

படுத்ததும் ஒத்தக்கை கேட்டது ஒன்றுதான். சங்கிலியை மாட்டினாயா என்றான்.

"மாட்டியாச்சு. பேசாம படுங்க."

முதல் வளைவு தாண்டுவதற்குள் சத்தம் வந்தது. கலகலவென்று அவன் காலடியில்.

முதலில் திட்டினான். அவள் அம்மாவை, அதாவது என் சித்தியை, வாய்க்கு வந்தபடி திட்டினான். இரண்டு வளைவுக்குப்பிறகு கெஞ்சல் ஆரம்பித்தது. கல்யாணமான புதிதில் வைத்திருந்த செல்லப்பேர் எதையோ சொல்லிக் கூப்பிட்டான் என்றும், அந்தப் பேர் இந்தப் பெண்ணுக்கு இருந்ததே தனக்குத் தெரியாது என்றும் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். சத்தம் வருதேம்மா என்று முன்சீட்டிலிருந்து இவனும் மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். வரட்டும் என்றாளாம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பை வெளி விளிம்புவரை விட்டு நிதானமாகத் திருப்பினாள். பின்னாலிருப்பவனுக்கு அந்த நிதானம்தான் பெரிய வாதை. குட்டி வெட்டவெளிப்பக்கம் தலையை நீட்டி, அங்கேயே நின்று, ஆறஅமரத் திரும்பும்.

மண் சரிந்த வளைவு ஒன்று உண்டு, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிற இடம். அதற்கு முன்னால் ஒத்தக்கை அழ ஆரம்பித்தான். பக்கப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"அன்னிக்கு நான் மாட்டல. தப்புதான். ஒத்துக்கறேன். மாட்டுடி இப்ப."

ஜீப் நின்றது. அவள் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் நடந்துபோனாள். குட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் கையை வைத்தாள், அந்த விரல் குறைந்த கையை.

"கேக்கல. இன்ஜின் சத்தம்."

திரும்பிவந்து ஏறி வண்டியை எடுத்தாள். வளைவு தாண்டும்வரை பின்னாலிருந்து சங்கிலிச் சத்தம் மட்டும்தான் வந்தது.

நான் கொட்டகையில் இருந்தேன். கலகலவென்று கேட்டதும் சரக்கு வருகிறது என்றுதான் எழுந்தேன். பலகையை இறக்கினால் மாப்பிள்ளை. மெத்தை நனைந்திருந்தது. பலகையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டியிருந்தது. மச்சான், அவ மாட்டல, என்னைக் கொல்லப் பாத்தா என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கார் ஒன்றைப் பிடித்து, பின்சீட்டில் நீட்டிப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டுக்காரனைத் துணைக்கு ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே காலை எடுத்துவிட்டார்கள்.

கார் போனபிறகு நான் குனிந்து குட்டியின் கழுத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் கெட்டி முளை போட்டிருந்தது. சங்கிலி அடிச்சட்டத்தில் இழுத்து மாட்டியிருந்தது, அதற்குமேல் கம்பியால் முறுக்கியும் விட்டிருந்தாள். குட்டி சறுக்கியிருந்தால் ஜீப்பும் அவளும் அவனும் சேர்ந்தே போயிருப்பார்கள். சத்தம் போட்டது வேறு. எங்கேயோ கிடந்த துருப்பிடித்த சங்கிலித் துண்டு ஒன்றை ஜீப்பின் பின்புறம் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டிங் பிளேயரால் அதன் கம்பியை வெட்டி, துண்டை டூல் பெட்டிக்குள் போட்டாள்.

ஏம்மா, இதை அவனுக்காகவா மாட்டினே என்று அசல் சங்கிலியைக் காட்டிக் கேட்டேன்.

"குட்டி போயிட்டா நாளைக்கு முட்டைக்கோஸ எதுல ஏத்துறதுண்ணே? உங்க முதுகுலயா?"

கையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள்.

இப்போது ஜீப்பை அவள்தான் ஓட்டுகிறாள். கட்டை வைக்கக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறாள். அவன் மேலே வீட்டு வாசலில் நாற்காலியில் இருக்கிறான். விசேஷ வீடுகளுக்குப் போனாலும் பழைய கச்சேரி கிடையாது. பழக்கதோஷத்தில் யாராவது எடுத்துக்கொடுத்தால் எழுந்து போகக் காலைத் தேடுவான், பிறகு ஊன்றுகோலைத் தேடுவான். காலையில் சரக்கோடு அவள் இறங்கும்போது எல்லாரையும்போலச் சங்கிலியைக் கழற்றி விட்டுத்தான் இறங்குகிறாள். அது வாசலைத் தாண்டி, வளைவுக்கு வளைவு சின்னதாகி, அடிவாரம்வரை கத்திக்கொண்டே போகும். அவன் ரேடியோவைக் கூட்டி வைப்பான்.

நான் மேலே போகும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து அதையேதான் சொல்கிறான். கொல்லப் பாத்தா மச்சான், சங்கிலிய மாட்டவே இல்ல. ஒருதரம் எனக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை, அந்த சங்கிலி, என்று ஆரம்பித்தேன். அவள் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். நீட்டியவள் கையை எடுக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மச்சான், சங்கிலிக்கு என்ன?" என்றான் அவன்.

துருப்பிடிச்சிருக்கு, மாத்தணும் என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன்.