ஐந்தாவது டிஸ்க்

நூலகத்தின் படப் பிரிவில் இருந்தவருக்கு வாசகர்கள் வைத்த பெயர் முக்கால் சார். ஆள் உயரத்தில் குறைவில்லை, வேலையிலும் குறைவில்லை. அவர் எழுதும் அட்டைகள்தான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பருவம் மாறும்போதெல்லாம் வாசலுக்கு எதிரே உள்ள அலமாரியைக் காலி செய்வார்கள். ஊழியர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த படத்தையோ தொடரையோ இசைத்தட்டையோ அதில் வைத்து, ஏன் பிடித்தது என்று ஓர் அட்டையில் நாலு வரி எழுதி ஒட்ட வேண்டும். தலைமை நூலகர் தவறாமல் பாலம் கட்டுவதைப் பற்றிய ஆவணப்படமாகத் தேடி வைப்பார். அது வைத்த இடத்திலேயே தூசி படிந்து, அடுத்த பருவத்தில் உள்ளே போகும். வாசல் காவலருக்குச் சண்டைப் படம்தான். 'அடி ஒவ்வொன்றும் இடி' என்பதற்கு மேல் அவர் ஒரு எழுத்து எழுதியதில்லை, ஆனால் அவர் வைத்தது அன்று சாயங்காலமே பறந்துவிடும். இசைப் பிரிவில் இருந்த அம்மாள் வாயைத் திறந்து ஒரு வரி பாடினால் ஊழியர் அறை காலியாகிவிடும். அதே அம்மாள் எந்த மழைக்கு எந்த வயலின் என்று எழுதினால் பிசகாது. இது ஏன் இப்படி என்று கடவுளைத்தான் கேட்க வேண்டும்.

முக்கால் சாரின் அட்டையில் மட்டும் கடைசியில் ஒரு தனி வரி இருக்கும். 'அண்ணன் கடையைத் திறக்கும் காட்சியோடு நிறுத்திவிடுங்கள்.' 'ரயில் கிளம்பியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள், அதற்கு மேல் வருவது நமக்கு வேண்டாம்.' சோகமாக முடிகிற படங்கள் எல்லாவற்றுக்கும் அவர் இப்படி ஒரு வேலி போட்டு வைத்திருந்தார். வேலியைத் தாண்டிப் பார்த்துவிட்டு வீங்கிய கண்ணோடு டிஸ்க்கைத் திருப்பித் தர வந்தவர்கள், நீங்கள் அப்பவே சொன்னீர்கள் சார் என்று அசடு வழிவார்கள்.

முடிவைப் பார்க்காமல் எப்படி எழுதுவார் என்றால், பார்ப்பார். திரும்பி வரும் டிஸ்க்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று சோதிக்கப் பின்னறையில் ஒரு பழைய கருவி உண்டு. அதன் ஒலிபெருக்கி செத்துப் போய்ப் பல காலமாகிறது. புதிதாக வருவதையும் திரும்பி வருவதையும் அதில் கடைசி வரை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. சத்தம் இல்லாமல் யார் செத்தாலும் யார் அழுதாலும் அவரால் தாங்கிக்கொள்ள முடிந்தது. சத்தத்தோடு என்றால் முடியாது. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சிலருக்குப் பல்லியைக் கண்டால் ஆகாது, அவருக்கு முடிவைக் கண்டால் ஆகாது.

வாய்த்த மனைவியோ நேர் எதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. எதையும் முழுசாகப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கதை முடிந்து, விளக்கு போட்டு, எல்லோரும் எழுந்து போன பிறகும், திரையில் மேலே ஏறுகிற பெயர்களில் கடைசிப் பெயர் மறையும் வரை அசைய மாட்டாள். இவ்வளவு பேர் வேலை செய்திருக்கிறார்கள், பெயரையாவது பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்பாள். கல்யாணமான புதிதிலிருந்து இதுதான் கதை: படம் சோகத்துக்குத் திரும்புகிற வாசனை வந்ததும் அவர் நழுவி வெளியே போய், நடைபாதையில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து பையை வாங்கிக்கொள்வாள். "ஆம்பளை நிக்கிற லட்சணத்தைப் பாரு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் சம்பாதித்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்து படம் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். அப்படியே ஓடிப்போயிருக்க வேண்டிய வாழ்க்கை. அவளுக்கு வயிற்றில் வந்த நோய் அதற்கு விடவில்லை.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்றும் முக்கால் சார் அறையில் இல்லை. மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தியபோதே அவர் மேசையிலிருந்த மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். மருந்துக் கடையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டார். அவள்தான் தனியாக உட்கார்ந்து முழுசையும் கேட்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அவளைப் பகலில் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து தங்கினாள். சாயங்காலம் அவர் வந்ததும், கூடத்துக்கு இழுத்துப் போட்ட கட்டிலில் தலையணையைச் சாய்த்து அவளை உட்கார வைத்து ஏதாவது போடுவார். அந்த மழைக்காலத்தில் நூலகத்துக்குப் புதிதாக ஒரு தொடர் வந்திருந்தது. ஒரு படகுத்துறை, அதை நடத்துகிற அக்கா, கோபித்துக்கொண்டு போய்விட்ட தம்பி, அவ்வளவுதான் கதை. மொத்தம் ஐந்து டிஸ்க். ஆற்றில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும், அக்கா கயிற்றைச் சுருட்டுவதும், அக்கரையில் யாராவது கைதட்டிக் கூப்பிட்டால் தம்பியோ என்று அவள் நிமிர்ந்து பார்ப்பதுமாகப் போகும். மனைவிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தம்பி வந்துவிடுவான் என்று அவள் அடித்துச் சொன்னாள். அவர் பிடிகொடுக்கவில்லை.

நாலாவது டிஸ்க் முடிந்த அன்று அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இது முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு பேசணுங்க. நடுவுல எழுந்து போகக்கூடாது. உக்காந்து முழுசா கேக்கணும்."

அவர் ஆகட்டும் என்று தலையாட்டினார். அவளுக்குப் போர்த்திவிட்டார். மறுநாள் நூலகத்துக்குப் போய், அந்த ஐந்தாவது டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து, தன் மேசை டிராயரில் கத்தரிக்கோலுக்கும் ஒட்டு நாடாவுக்கும் பின்னால் தள்ளி மூடினார்.

அவள் என்ன பேசப் போகிறாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தன் காலத்துக்குப் பிறகு வீட்டை என்ன செய்ய வேண்டும், நகையைத் தங்கைக்குக் கொடுப்பதா, நீங்கள் தனியாக எப்படி இருப்பீர்கள், இப்படி ஏதோ ஒன்று. அதைக் காது கொடுத்துக் கேட்டால் எல்லாம் அன்றோடு உறுதியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கதை பாக்கி இருக்கிற வரைக்கும் அவளும் இருப்பாள் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கும் உள்ளே ஓடியது. படித்தவர்தான், ஆனால் பயம் வந்துவிட்டால் படிப்பு எங்கே கூட வருகிறது?

அது மட்டுமில்லை. அந்த ஒரு டிஸ்க்கை அவர் பின்னறைக் கருவியில் போட்டும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சோதிக்காமல் விட்டது அது ஒன்றுதான். தம்பி ஆற்றோடு போயிருப்பான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அதைச் சத்தமில்லாமல் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

டிஸ்க் வந்ததா என்று அவள் கேட்டபோது, வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார் என்றார்.

"யாருங்க அது, அஞ்சாவதை மட்டும் எடுத்துட்டுப் போற ஆளு?"

பொய்க்குக் கை கால் முளைக்க ஆரம்பித்தது. ரிட்டயர்டான ஒருவர், முதல் நாலையும் போன மாதமே பார்த்துவிட்டார் என்றார். திருப்பித் தரும் தேதி தாண்டிவிட்டதே என்று அவள் விடாமல் கேட்டதும், அவருக்கு முழங்காலில் ஆபரேஷன், படியிறங்க முடியவில்லை என்றார். பிறகு அந்த மனிதருக்கு நூலகத்திலிருந்து ஃபோன் செய்ததாகச் சொன்னார். பிறகு மகன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். இல்லாத ஆளுக்கு ஒரு குடும்பமே உண்டாகிவிட்டது.

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். கையைப் பிடித்தால் வளையல்தான் முதலில் தட்டுப்பட்டது. சாயங்காலங்களில் அவர் வேறு ஏதாவது படம் போடுவார். அவள் பாதியில் கண்ணயர்ந்துவிடுவாள். விழித்தால் டிஸ்க் வந்ததா என்று கேட்க மாட்டாள். "உங்க முட்டிக்காரரு எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்பாள். பரவாயில்லை, மெல்ல நடக்கிறாராம் என்பார் அவர். "பாவம், அவசரப்படுத்தாதீங்க" என்பாள்.

மழை விட்டு வாடை தொடங்கிய நேரத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு காலை, மூச்சு இழுக்கத் தொடங்கியபோது நர்ஸ் அவரையும் தங்கையையும் கட்டிலருகே வரச் சொன்னாள். தங்கை போய் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டில்வரை போனார். கால்மாட்டில் இருந்த அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டார். அப்படியே நடைபாதைக்கு வந்து சுவரோரம் நின்றுவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கால்கள் பழகிய வழியில் போய்விட்டன.

தங்கை வெளியே வந்தபோது அவர் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "மாமா, உங்களைத்தான் தேடுனா" என்றாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, துக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். அது அவர் உள்ளே போய்த் தங்கிவிட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது குளிர்கால அலமாரிக்கு அட்டைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமை நூலகர் வழக்கம் போல் ஒரு பாலத்தோடு தயாராக இருந்தார். முக்கால் சாரைப் பார்த்ததும் பாலத்தைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை நீங்கள் எழுத வேண்டாம், இடத்தை நான் நிரப்பிக்கொள்கிறேன் என்றார். ஊழியர்கள் எல்லோரும் அவரைச் சுற்றிப் பூனை மாதிரி நடந்தார்கள். காவலர்கூடக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

இசைப் பிரிவு அம்மாள்தான் ஊழியர் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து எதிரே உட்கார்ந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் மென்று விழுங்குவது தெரிந்தது.

"அண்ணா, அண்ணி ஒருநாள் இங்க ஃபோன் பண்ணுனாங்க. நான்தான் எடுத்தேன். படகுத்துறைத் தொடர்ல அஞ்சாவது வெளிய போயிருக்கான்னு கேட்டாங்க. நான் விவரம் தெரியாம கம்ப்யூட்டர்ல பாத்து, யாரும் எடுக்கல, இங்கதான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் நிமிரவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். அவர் மனசுக்குள் பின்னால் போய்ப் பார்த்தார். முட்டிக்காரரை அவள் விசாரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"கோவமா இருந்தாளா?"

"இல்லண்ணா. சிரிச்சாங்க. 'எனக்குத் தெரியும்மா, நீ அவருகிட்ட சொல்லிடாத. அவரே எடுத்துட்டு வரட்டும், நான் இருக்கேன்'னு சொன்னாங்க."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்தப் பொய்யை மனைவி முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். திட்டியிருந்தால் அழுதுவிட்டு அன்றே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். அவள் அவருக்குப் பயம் தெளியட்டும் என்று காத்திருந்தாள். இருந்த கொஞ்ச நாளையும் அதற்குக் கொடுத்திருக்கிறாள். அவர் முட்டி வலிக்காரரின் உடல்நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிராயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்தார். பின்னறைக்குப் போகவில்லை. இரவல் பதிவில் தன் பெயரிலேயே ஏற்றிக்கொண்டு பையில் வைத்தார்.

அவர் பிறகு எழுதிக் கொடுத்த குளிர்கால அட்டையில் எங்கே நிறுத்த வேண்டும் என்ற வரி இல்லை. ஐந்து டிஸ்க்கையும் ஒரே ரப்பர் பட்டையால் கட்டி வைத்திருந்தார். பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமும் பிடித்தார். வாசகர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை தன் வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டில் இன்னும் கூடத்தில்தான் கிடந்தது. அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு டிஸ்க்கைப் போட்டார். ஒலியைக் கூட்டி வைத்தார். ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவர் கால் எழுந்திருக்கப் பார்த்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளம் வடிந்தது. யாரும் சாகவில்லை. ஒரு மங்கலான காலையில் அக்கரையிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. அக்கா படகைக் கொண்டுபோனாள். தம்பி ஏறிக்கொண்டான். இரண்டு பேரும் பேசவில்லை. இக்கரை வந்ததும் அவன் முதலில் குதித்துக் கயிற்றை வாங்கிக் கட்டினான். அக்கா, "சாப்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மனைவி சொன்னதுதான் நடந்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் செய்தது நோய் அல்ல, அவர். முக்கால் சார் வாய்விட்டு அழுதார். கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவள் பேரைச் சொல்லி அழுதார்.

பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. படகு செய்தவர், துணி தைத்தவர், சாப்பாடு கொண்டுவந்தவர். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் பெயரும் போய்த் திரை கறுத்தது.

இது முடிந்ததும் ஒன்று பேச வேண்டும், நடுவில் எழுந்து போகக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் கட்டிலின் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.