ஜெயசீலன் பெயருக்கு வந்த குண்டு எழுத்து

பிரியதர்ஷினிக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளெக்ஸ் கடையில் பல வருஷங்களாக டிசைன் செய்கிறாள். எந்த போர்டுக்கு எந்த எழுத்து என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. கல்யாணத்துக்கு வளைவான எழுத்து. கண்ணீர் அஞ்சலிக்குக் கூர் முனை வைத்த ஒல்லி எழுத்து. பிறந்தநாள், காதணி விழா, ஐஸ்கிரீம் கடை என்றால் குண்டு எழுத்து.

குண்டு எழுத்து என்பது அவள் வைத்த பெயர். அதில் எங்கேயும் முனை கிடையாது. ஒவ்வொரு கோடும் ஊதிப் பருத்து உருண்டையாக முடியும். மெய்யெழுத்தின் புள்ளி போண்டா மாதிரி தலைமேல் உட்கார்ந்திருக்கும். சின்னதாகப் போட்டால் உதவாது, சுழிகள் அடைத்துக்கொள்ளும். பெரிதாகப் போட்டாலோ ஈ.சி.ஆர் ரோட்டில் பறக்கிற காரிலிருந்தும் படிக்கலாம்.

போன மாசியில் ஆராயி கடைக்கு வந்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவளுடைய ஒரே மகன் ஜெயசீலன் பைக்கில் போகும்போது வேன் மோதி இறந்துபோனது ஊருக்கே தெரியும்.

"ஞாயித்துக்கிழமை காரியம் வச்சிருக்கும்மா. புள்ளைக்கு போர்டு போடணும்" என்று போனிலிருந்த படத்தைக் காட்டினாள்.

பிரியதர்ஷினி கறுப்புப் பின்னணி வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, பெயரை ஒல்லி எழுத்தில் அடித்துக் காட்டினாள். ஆராயி திரையையே பார்த்தாள்.

"இது யாரு பேரு?"

"உங்க புள்ள பேருதாங்க. ஜெயசீலன்."

"இல்லம்மா. அவன் பேரு இப்படி இருக்காது."

ஆராயிக்குப் படிக்கத் தெரியாது. முந்தின வருஷம் ஜெயசீலன் பிறந்தநாளுக்குக் கூட்டாளிகள் வைத்த பிளெக்ஸைச் சாரல் அடிக்காமல் இருக்க வீட்டுப் பக்கச் சுவரில் கட்டியிருந்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து, அந்த ஒரு பெயர் மட்டும் அவளுக்குத் தெரிய வந்தது. அது குண்டு எழுத்து.

"கடைசி எழுத்துக்கு மேல பந்து மாதிரி ஒண்ணு இருக்கும். இதுல அது எங்க?"

புள்ளி இருந்தது, எள் அளவில்.

"அதுவும் இதுவும் ஒண்ணுதாங்க."

"எனக்கு ஒண்ணா தெரியலையே. ஊரே அவன் பேரப் படிக்கும். நான் மட்டும் தெரியாம நிக்கணுமா?"

கடை முதலாளி ஜெய்னுலாப்தீன் கோட்டக்குப்பத்தில் இருந்தார். பிரியதர்ஷினி அவருக்குப் போன் போட்டாள். "பாய், மவுத்து போர்டுக்கு, அதான் கண்ணீர் அஞ்சலிக்கு, குண்டு எழுத்து போடலாமா?"

"கேக்கறாங்கன்னா போடும்மா" என்றவர், உடனே மாற்றி, "வேணாம், பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார். அப்புறம், "பெத்தவ கேக்கறாளா? நீயே பாத்து செய்" என்று வைத்துவிட்டார்.

அவள் குண்டு எழுத்தையே போட்டாள். நிழலை எடுத்தாள், நிறத்தைச் சாம்பலாக்கினாள், இடைவெளியைக் கூட்டினாள். என்ன செய்தும் அந்த எழுத்து சிரித்துக்கொண்டேதான் இருந்தது. ஆராயி மட்டும் பார்த்ததும், "ஆங், இதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராயியின் அண்ணன் குப்புசாமி போனில் கத்தினார். "ஏம்மா, இது சாவு போர்டா, காதுகுத்து போர்டா? பஸ்ஸுல போறவன் கைய ஆட்டி வாழ்த்து சொல்லிட்டுப் போறான்! ஒழுங்கா வேற போட்டுக் கொண்டா."

ஒல்லி எழுத்தில் இன்னொன்று அடித்து அவளே எடுத்துப் போனாள். தெருமுனையில் முதல் போர்டுக்குக் கீழே ஆராயி நின்றுகொண்டிருந்தாள். கையை உயர்த்தி, மகன் பெயரின் கடைசிப் புள்ளியைத் தடவிக்கொண்டிருந்தாள். அதை அவிழ்க்க வந்த குப்புசாமி தங்கையைப் பார்த்ததும் கயிற்றை விட்டார். பிறகு, "இத அந்தாண்ட கட்டு" என்று புதிய போர்டைத் தெருவின் மறுமுனைக்குக் காட்டினார். இரண்டும் நின்றன. எது சரி என்று யோசித்துக்கொண்டே பிரியதர்ஷினி திரும்பினாள். பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு எந்த எழுத்து என்பதில் அவளுக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. பிறந்தநாள் குழந்தையின் பெயரைக் குண்டு எழுத்தில் அடித்தால், அந்தப் புள்ளியைத் தடவிய விரல் நினைவுக்கு வந்தது. அழித்து வேறு எழுத்து போட்டால், "ஏங்க டல்லா இருக்குது?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

ஆவணியில் குப்புசாமியே வந்தார். பேத்திக்குக் காதணி விழா. அவள் பழக்கத்தில் குண்டு எழுத்தைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"அது மட்டும் வேணாம்மா. அதப் பாத்தாலே எனக்கு ஜெயசீலன் சாவுதான் ஞாபகம் வருது."

வேறொன்றைக் காட்டினாள். "இது சாவு போர்டு மாதிரியே இருக்குதே" என்றார். இன்னும் நாலைந்து காட்டினாள். எதுவும் ஒத்துவரவில்லை.

"அப்ப சந்தோஷத்துக்கு எதும்மா எழுத்து?"

"எனக்கும் தெரியலைங்க. முன்ன தெரிஞ்சுது."

கடைசியில் குழந்தை பொக்கை வாயோடு சிரிக்கிற படத்தை போர்டு முழுக்கப் போட்டு, பெயரையும் மண்டபத்தையும் அடியில் பொடியாக வைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் யாருக்கும் யார் வீட்டு விசேஷம் என்று தெரியவில்லை. விசாரித்து விசாரித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆனால் குழந்தை அழகாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.