பித்தளை மூடியின் குமிழ்

நேற்று செய்யூர்ப் பட்டறையில் ஒரு சின்னத் துளைக்குள் திருகாணிக்கான மரை வெட்ட விளக்கெண்ணெய் விட்டேன். அந்த வாசனை என்னைச் சின்ன வயசுச் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று அம்மாவின் தையல் மிஷினில், ஊசியைப் பிடிக்கும் திருகாணி இறங்கும் துளையில் மரை தேய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணின் ரவிக்கைகளைச் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். நைனா படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். மரை வெட்டும் டேப் என்ற எஃகுக் கருவியைத் திருப்ப அவரிடம் இருந்த பிடி பெரியது. அதில் மாட்டினால் மெல்லிய டேப் ஒடிந்து துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மிஷின் வீணாகிவிடும்.

நைனா அம்மாவின் சமையல் பாத்திரத்துப் பித்தளை மூடியிலிருந்து குமிழைக் கழற்றினார். அதில் துளை போட்டு டேப்பைச் செருகி, பக்கவாட்டில் ஒரு திருகாணியால் இறுக்கினார். விரல் நுனியால் திருப்பும் சின்னப் பிடி தயார்.

"இன்னாய்யா, என் மூடி மொட்டையா கீது?"

"மிஷின் வோணுமா, மூடி வோணுமா?" என்று கேட்டுக்கொண்டே நைனா பிடியைத் திருப்பினார். டேப் கிறீச்சிட்டது.

"தள்ளுய்யா. உன் கை போட்டு எஞ்சினுக்குத்தான் லாயக்கு."

அம்மா முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று திருப்பினாள். இறுகியபோதெல்லாம் நிறுத்தினாள். நைனா துளையில் சொட்டுச் சொட்டாக விளக்கெண்ணெய் விட்டார். மரை விழுந்து, டேப் ஒடியாமல் முழுசாக வெளியே வந்தது.

மூடிக்கு நைனா ஒரு காலி நூல்கட்டையைக் குமிழாக வைத்தார்.

நேற்று நான் திருப்பியதும் அதே பித்தளைக் குமிழ்தான். வீட்டுக்கு வந்து, "மூடியிலயே திரும்ப வெச்சிடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்டா. உங்க நைனா வெச்ச கட்டதான் கை சுடாம கீது" என்றாள்.