வலது கைப் பவளம்

சௌந்திரம் இருபது வருடமாக நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். கணவர் முருகானந்தம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஆறு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிப் பயிற்சியில் கால் ஓரளவு தேறியது. வலது கை மட்டும் மரத்தே கிடந்தது. அது வந்தால்தான் பட்டறை.

ஜாதகம் பார்த்தவர் செவ்வாய்க்குப் பவளம் போடச் சொன்னார். ஆண்களுக்கு வலது கை மோதிர விரல். கல்லின் அடிப்பக்கம் தோலில் பட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் கழற்றக் கூடாது.

கல் கடை சந்தோஷ்குமார் வெள்ளைத் துணியில் நாலைந்து பவளத்தைப் பரப்பினான்.

"நெசப் பவளமுங்களா?"

"ஆமாங்கக்கா, சோதிச்ச சீட்டு இருக்குது. கல்லு நெசம்னுதான் சீட்டுல போடுவாங்க. கை வரும்னு போட மாட்டாங்க."

"இப்படிப் பேசினா யாவாரம் ஆகுமுங்களா?"

"எங்கீங்க ஆவுது? திருப்பிக் கொண்டாந்தா பாதி வெலைகூடத் தேறாது. அப்பறம், ஆஸ்பத்திரிப் பயிற்சிய மட்டும் உட்றாதீங்க."

பயிற்சிக்குப் போய்வர வைத்திருந்த ஆட்டோக் காசுதான் மோதிரமானது. கல் வேலை செய்யட்டும், பிறகு போகலாம் என்று விட்டாள்.

"சோறு போட்டே எந்திரிக்காத கைக்கு நகை போடறியா புள்ள?" என்றார் முருகானந்தம்.

இருபத்துமூன்றாம் நாள் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள். கை வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்து, விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"ஏனுங்க, வலிக்கலீங்களா?"

"எது?"

எண்ணெய்க்கும் சோப்புக்கும் மோதிரம் அசையவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா வெரலயே எடுத்திருக்கோணும்," என்றாள் நர்ஸ். பயிற்சி நின்றதால் விரல்கள் இறுகிவிட்டன என்றார் டாக்டர். மறுபடி தொடங்கலாம், தட்டைப் பிடிக்கிற அளவு வரலாம். வெல்டிங்குக்கு வராது.

சௌந்திரத்துக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பயிற்சிக்கு எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முருகானந்தம் இடது கையால் பட்டறை மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"எனக்குன்னு எடம் வெச்சிருக்க வேண்டாமுங்க. ஆள் போட்டுக்கோங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். அவள் அவருடைய வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டு, சாயங்கால முட்டை எடுக்கப் பண்ணைக்குக் கிளம்பினாள்.