கட்கியில் தொலைந்த கடுகுப் பல்

1998 ஜூலை. சென்னை ரயில் புனேயில் நின்றபோது சாயங்காலம், அடைமழை. என் கைப்பையில், மருந்தைக் கொட்டிவிட்ட ஒரு சிவப்பு மாத்திரைக் கூட்டுக்குள், கடுகைவிடச் சிறிய பல் ஒன்று இருந்தது. டைனோசர்கள் அழிந்தபின் படிந்த களிமண்ணை மூட்டை மூட்டையாகச் சலித்து எடுத்தது. அந்தப் பேரழிவுக்கு ஒரு குட்டிப் பாலூட்டி தப்பியது என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி கிடையாது. இத்தனூண்டு பல்லை மாத்திரைக் கூட்டில் வைப்பது புதைபடிவ ஆய்வாளர்களான எங்கள் தொழில் வழக்கம்.

புனேயை ஒட்டிய கட்கியில் சித்தி மகள் செல்வி வீட்டில் தங்கினேன். அவள் கணவர் முருகேசன், வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர், காய்ச்சலில் படுத்திருந்தார். நனைந்த என் பையிலிருந்ததையெல்லாம் செல்வி அலமாரியில் பரப்பிக் காயவைத்தாள். முருகேசனின் மாத்திரைகளும் அங்கேதான் இருந்தன. அவையும் சிவப்பு.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊரின் இன்னொரு கோடியில், பாஷாண் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடம். மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்கக் கூட்டைத் திறந்தேன். வெள்ளைத் தூள் கொட்டியது.

"மேடம், யே தோ தவாயி ஹை," என்று அங்கிருந்தவர் சிரித்தார். மருந்துதான், முருகேசனுடையது! வெளியே ஓடி ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோ பல்கலைக்கழகச் சதுக்கத்து நெரிசலில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி கேஸா என்று ஓட்டுநர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கட்கி வரும்வரை, செல்வி தண்ணீர் டம்ளரோடு கணவரிடம் போவதுதான் கண்ணில் நின்றது.

"செவப்பு மாத்திரையா? காலைலயே குட்துட்டேனேக்கா. இன்னாத்துக்கு கேக்கற?"

சும்மாதான் என்றேன். அவள் சாய் போடப் போனதும் முருகேசன் சைகை காட்டினார். தலையணை உறைக்குள் கைவிட்டு நாலைந்து சிவப்பு மாத்திரைகளை வெளியே எடுத்தார்.

"முழுங்கணும்னாலே தொண்ட அடச்சிக்கிது அண்ணி. அவளாண்ட சொல்லிடாதீங்க."

தினமும் வெடிமருந்தோடு புழங்குகிற மனிதர்! ஒவ்வொன்றாகத் திறந்தேன். தூள். அடுத்ததிலும் தூள். மூன்றாவதில் பல். உடைந்திருக்குமோ என்று லென்ஸ் வைத்துப் பார்க்கவே பயந்தேன். முழுசாக இருந்தது. அழுதுவிட்டேன்.

அன்றே படமெடுத்து, மறுநாள் ரயிலுக்குக் கிளம்புமுன், டைனோசர் அழிந்த கதையைச் சொல்லி, பல்லைப் பெரிதாக்கிய படத்தை முருகேசனிடம் காட்டினேன். அவருக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை.

"மலையாட்டம் இருக்குது. இது மட்டும் எப்டி தப்பிச்சுது அண்ணி?"

"பயந்து வளைக்குள்ள பதுங்கியிருக்கும்னு நினைக்கிறோம். ஆனா பசிச்சப்ப வெளிய வந்துதானே ஆகணும்? வந்திருக்கு."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாத்திரையை வாயில் போட்டு, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி விழுங்கினார்.