என் கைராசி

மழையோ வெயிலோ, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் தவறாது. ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால், அப்பா கம்பெனியில் தகடு வெட்டும் தன் பிரஸ் மெஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போடாமல் இருக்க மாட்டார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "சோறு போடுற மெஷினும்மா" என்பதோடு அவர் பேச்சை முடித்துக்கொள்வார்.

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே இருந்த அந்தக் கம்பெனியில் ரேடியோவுக்கான தகட்டுப் பாகங்கள் செய்தார்கள். பூஜையன்று ஓய்வெடுத்த மெஷினை விஜயதசமி காலையில் சிறிது நேரம் ஓட்டிவிட்டு வரவேண்டும். அப்பாவின் மெஷினுக்கு ஸ்விட்ச் போடுவது வருடாவருடம் நான்தான். எனக்குக் கைராசியாம். அப்பாவே சொல்லிவிட்ட பிறகு எனக்குத் தலைகால் புரியுமா?

வெளிநாட்டு ரேடியோக்கள் மலிவாக வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. உள்ளூர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன; அப்பா வேலை பார்த்ததும் அதில் ஒன்று. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அந்த வருடம் பூஜை இல்லை, பொரி இல்லை, அவ்வளவுதான். "ஸ்விட்ச்சும் போட வேணாமா?" என்று அழுது ஊரைக் கூட்டினேன். அப்பா சந்தனத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு என்னைச் சைக்கிளில் ஏற்றினார்.

கேட் பூட்டியிருந்தது. அப்பாவும் வாட்ச்மேனும் தள்ளிப் போய்க் கிசுகிசுத்தார்கள். கடைசியில் வாட்ச்மேன் சாவியை எடுத்தார்.

"பேஜாராப் பூடும்ணா. பாப்பா ஆசையா வந்துகீது, அதான். சீக்கிரம் வந்துடு."

உள்ளே இருட்டு. ஃபேன்கூட ஓடவில்லை. அப்பா மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தார். "நான் சொன்னதும் போடு" என்று பின்பக்கம் போனார். குரல் வந்ததும் ஸ்விட்ச்சைப் போட்டேன். பெரிய சக்கரம் மெதுவாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. எனக்குத் தாங்காத பெருமை. திரும்பி வந்த அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, உள்ளங்கையெல்லாம் கிரீஸ்.

"பாத்தியா, உன் கைராசி" என்றார்.

மறுநாளும் அப்பா வேலைக்குக் கிளம்பவில்லை. "நான்தான் ஸ்டார்ட் பண்ணிட்டேன்ல, போப்பா" என்று லுங்கியைப் பிடித்து இழுத்தேன். அதற்கடுத்த நாளும் இழுத்தேன். சிரித்துச் சமாளித்தவர், ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஷேர் ஆட்டோ ஓட்டித்தான் என்னைப் படிக்கவைத்தார். அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று வெளிநாட்டு டிவியும் ஃபோனும் விற்கிறார்கள். நானும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியில்தான் இருக்கிறேன். சந்தையைத் திறந்துவிட்டதில் அப்பாவின் வேலை போயிற்று, எனக்கு வேலை கிடைத்தது. யாரை நொந்துகொள்வது?

போன மாதம் எங்கள் ஷெட்டில் கரண்டை நிறுத்திவிட்டு, பழைய பிரஸ் ஒன்றின் சக்கரத்தை இரண்டு பேர் கையால் தள்ளிப் பார்த்தார்கள். அது மெதுவாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. மூச்சு வாங்க நின்று, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்று அப்பா தனியாளாகத் தள்ளியிருக்கிறார்.